தமிழ் ஆய்வேடுகளில் மேற்கோள் மேலாண்மை

தமிழ் ஆய்வேடுகளில் மேற்கோள் மேலாண்மை என்பது தமிழில் எழுதப்படும் ஆய்வேடு, ஆய்வுக்கட்டுரை, பதிப்பு ஆகியவற்றில் இடம்பெறும் மேற்கோள்களையும் துணைநூற்பட்டியலையும் சொற்செயலி மென்பொருளின் துணையுடன் தொகுத்து, ஒரு குறிப்பிட்ட பாணியில் வடிவமைத்து, பிழையின்றிப் பேணும் முறையாகும். இதற்கெனப் பயன்படும் மென்பொருள்கள் மேற்கோள் மேலாளர்கள் எனப்படுகின்றன. சொடேரோ, எண்ட்நோட், மெண்டலி, ஜேப்ரெஃப் முதலியவை இவ்வகையைச் சேர்ந்தவை. மைக்ரோசாப்ட் வேர்டு, லிப்ரெஓபிஸ் ரைட்டர் ஆகிய சொற்செயலிகளில் இதற்கான எளிய வசதி உள்ளிணைந்தே கிடைக்கிறது.

இம்மென்பொருள்கள் அனைத்தும் ஐரோப்பியப் பெயர் மரபையும் உரோமன் எழுத்தையும் மனத்திற்கொண்டு உருவானவை. எனவே தமிழ்ப் பெயர்கள், தமிழ் அகரவரிசை, பழந்தமிழ் நூல்களைச் சுட்டும் மரபு ஆகியவற்றை அவற்றில் பொருத்துவதில் தனித்த சிக்கல்கள் எழுகின்றன.

வரலாறு

கணினிக்கு முன்னர், ஆய்வாளர்கள் ஒரு நூலுக்கு ஓர் அட்டை எனக் குறிப்பட்டைகளில் எழுதி அடுக்கி வைத்தனர். சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகராக 1924 இல் பொறுப்பேற்ற சீ. இரா. அரங்கநாதன், 1934 இல் வெளியிட்ட வகைப்படுத்திய நூற்பட்டி விதித்தொகுப்பில் பெயர் வரைவு என்பதைத் தனிச் சிக்கலாகவே எடுத்துக்கொண்டார். ஒருவர் பெயரில் எச்சொல்லைத் தலைச்சொல்லாகக் கொள்வது என்பதை அவரவர் பண்பாட்டு மரபைக் கொண்டே முடிவு செய்ய வேண்டும் என்பது இதன் அடிப்படை. தலைச்சொல்லைப் பெரிய எழுத்தில் இட்டு, ஏனைய பகுதிகளை அடைப்புக்குறிக்குள் தரும் அவரது முறையை இந்திய நூலகவியல் எழுத்துகளில் இன்றும் காணலாம். அரங்கநாதனின் பெயரே இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. முதல் எழுத்து சீர்காழி என்னும் ஊரையும், இரண்டாம் எழுத்து இராமாமிர்தம் என்னும் தந்தை பெயரையும் குறிக்கின்றன. இரண்டுமே குடும்பப் பெயர்கள் அல்ல.

கணினியில் மேற்கோள்களைக் கையாளும் மென்பொருள்கள் 1980 களில் பரவின. லெஸ்லி லாம்போர்ட், ஓரன் பட்டாஷ்னிக் ஆகியோரின் பிப்டெக் 1985 இல் வெளியானது. எண்ட்நோட் அப்பத்தாண்டின் இறுதியில் வந்தது. வேர்டு 2007 பதிப்பில் மேற்கோள்களுக்கெனத் தனித் தாவல் சேர்க்கப்பட்டது. அமெரிக்காவின் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தில் உருவாகி 2006 அக்டோபரில் வெளியான சொடேரோ கட்டற்ற மென்பொருளாக இருந்ததால், விலைகொடுத்து வாங்க இயலாத மாணவர்களிடம் விரைவில் பரவியது. 2008 இல் தொடங்கிய மெண்டலியை 2013 இல் எல்சவியர் பதிப்பகம் வாங்கிக்கொண்டது.

தமிழைப் பொறுத்தவரை இவற்றைவிட முதன்மையான நிகழ்வு ஒருங்குறி வந்ததே. லதா எழுத்துருவுடன் வந்த விண்டோசு 2000, தமிழ் ஒருங்குறியை ஏற்ற முதல் விண்டோசு பதிப்பாகும். 2005 ஏப்ரலில் இந்திய அரசு சென்னையில் வெளியிட்ட இலவசத் தமிழ் மென்பொருள் குறுவட்டில் தமிழ் இடைமுகம் கொண்ட ஓபன்ஆபிசு தொகுப்பும் இருந்தது. 2010 இல் தமிழ்நாடு அரசு ஒருங்குறியையும் 16 நுண்மித் தமிழ் அனைத்து எழுத்துருக் குறியேற்றத்தையும் தரமாக அறிவித்தது.

செயற்படும் விதம்

மேற்கோள் மேலாளரில் மூன்று பகுதிகள் உள்ளன. முதலாவது தரவுத்தளம். ஒவ்வொரு நூலின் ஆசிரியர், தலைப்பு, பதிப்பகம், ஊர், ஆண்டு ஆகியவை தனித்தனிப் புலங்களில் சேமிக்கப்படுகின்றன. இரண்டாவது பாணிக் கோப்பு. எப்புலம் எங்கு வரவேண்டும், எங்கு காற்புள்ளி, எங்கு சாய்வெழுத்து என்பதை இது வரையறுக்கிறது. மூன்றாவது சொற்செயலியுடன் இணைக்கும் செருகுநிரல்.

எழுதுபவர் உரையில் ஓரிடத்தில் மேற்கோளைச் செருகும்போது, கண்ணுக்குத் தெரிவது அடைப்புக்குறிக்குள் உள்ள பெயரும் ஆண்டும் மட்டுமே. அதன் அடியில் ஒரு புலக்குறி மறைந்திருக்கிறது. பாணியை மாற்றியவுடன் 300 மேற்கோள்களும் ஒரே நொடியில் மாறுவது இப்புலக்குறிகளால்தான். கண்ணுக்குத் தெரியும் எழுத்தைக் கையால் திருத்தினால் அடுத்த புதுப்பிப்பில் அத்திருத்தம் அழிந்துவிடும். திருத்தத்தை எப்போதும் தரவுத்தளத்திலேயே செய்ய வேண்டும்.

வேர்டின் உள்ளிணைந்த வசதியில் மூலங்களின் பட்டியல் பயனரின் கணினியில் ஒரு கோப்பாகவும், ஆவணத்தினுள் அதன் படியாகவும் இரண்டு இடங்களில் இருக்கிறது. வேறொரு கணினியில் கோப்பைத் திறப்பவருக்கு ஆவணத்திலுள்ள படி மட்டுமே கிடைக்கும். நெறியாளரின் கணினியில் திருத்திய மூலம் மாணவரின் கணினியிலுள்ள முதன்மைப் பட்டியலில் மாறாமல் நிற்பதற்கு இதுவே காரணம். இவ்வசதியில் ஒவ்வொரு மேற்கோளுடனும் மொழி எண்ணும் சேர்கிறது. தமிழுக்கான எண் 1097. ஆங்கிலத்திற்குரிய 1033 பதிந்திருந்தால், தமிழ் நூலின் பட்டியலிலும் ஆங்கில இணைப்புச் சொற்களே தோன்றும்.

பாணிகளை எழுதுவதற்கு மேற்கோள் பாணி மொழி என்னும் பொது வரையறை உள்ளது. புரூசு டார்கசு தொடங்கிய இதனை சொடேரோ, மெண்டலி உள்ளிட்ட பல மென்பொருள்கள் பயன்படுத்துகின்றன. இதன் களஞ்சியத்தில் 10,000 க்கும் மேற்பட்ட பாணிகள் உள்ளன. உளவியல், கல்வியியல் துறைகளில் அமெரிக்க உளவியல் கழகப் பாணியும் (7 ஆம் பதிப்பு, 2019), இலக்கியத் துறையில் எம்.எல்.ஏ. பாணியும் (9 ஆம் பதிப்பு, 2021), வரலாற்றில் சிக்காகோ பாணியும், மருத்துவத்தில் வான்கூவர் பாணியும், பொறியியலில் ஐ-டிரிப்பிள்-ஈ பாணியும் பரவலாக வழங்குகின்றன. இந்தியத் தர நிறுவனத்தின் ஐ.எஸ். 2381 என்னும் தரமும் உண்டு. ஆனால் பல்கலைக்கழக வழிகாட்டிகளில் அதைவிட வெளிநாட்டுப் பாணிகளே மிகுதியாக இடம்பெறுகின்றன.

பெயர்ச் சிக்கல்

பாணிகள் பெரும்பாலும் குடும்பப் பெயர், காற்புள்ளி, முன்னெழுத்து என்ற வரிசையை எதிர்பார்க்கின்றன. மென்பொருள் ஒரு முழுப்பெயரைப் பெறும்போது இறுதிச் சொல்லைக் குடும்பப் பெயராகக் கொள்வது வழக்கம். தமிழ் மரபில் முன்னெழுத்து முன்னும் இயற்பெயர் பின்னும் வருவதால், இவ்விதி பல இடங்களில் தற்செயலாகச் சரியான விடையைத் தந்துவிடுகிறது. உ. வே. சாமிநாதையர் என்பது சாமிநாதையர், உ. வே. என ஆகிறது. தமிழ் ஆய்வேடுகளில் ஏற்கப்பட்ட வடிவமும் இதுவே. மா. சா. சுவாமிநாதன், க. கைலாசபதி, கா. சிவத்தம்பி ஆகிய பெயர்களுக்கும் இது பொருந்தும்.

பின்னொட்டுச் சொல் பிரித்து எழுதப்படும் இடத்தில் நிலைமை மாறுகிறது. எஸ். வையாபுரிப் பிள்ளை என இடைவெளியிட்டு உள்ளிட்டால் பட்டியலில் பிள்ளை, எ. வை. என்று வருகிறது. ஆறுமுக நாவலர் நாவலர், ஆறுமுக ஆகிறார். மறைமலை அடிகளும் தனிநாயகம் அடிகளும் அடிகள் என்ற குடும்பத்தில் பிறந்த உடன்பிறப்புகள்போல் அடுத்தடுத்து நிற்கின்றனர். மயிலை சீனி. வேங்கடசாமி என்னும் பெயரில் ஊர்ப்பெயர் முழுச்சொல்லாகவும் தந்தை பெயர் சுருக்கமாகவும் உள்ளன. இவ்விரண்டையும் முன்பெயர்ப் புலத்தில் இட்டால், முன்பெயரைச் சுருக்கும் பாணி மயிலையை ம. எனக் குறுக்கிவிடும்.

வெளிநாட்டு ஆவணங்களுக்காகத் தந்தை பெயரை இறுதியில் விரித்தெழுதும் இன்றைய வழக்கம் இன்னொரு சிக்கலைத் தருகிறது. இரமேசு சுப்பிரமணியன் என்று கடவுச்சீட்டில் உள்ளவரின் கட்டுரை சுப்பிரமணியன், இ. என மேற்கோளாகிறது. கட்டுரையை எழுதியவர் மகன், பெயர் பெறுபவர் தந்தை. அதே ஆய்வாளர் தமிழ் இதழில் சு. இரமேசு என்று எழுதியிருந்தால், மேற்கோள் எண்ணிக்கையைக் கணக்கிடும் தரவுத்தளங்களில் அவர் இரண்டு வெவ்வேறு ஆட்களாகப் பதிவாகிறார். பணி நியமனத்திலும் பதவி உயர்விலும் இவ்வெண்ணிக்கை கேட்கப்படும் காலத்தில் இது வெறும் அச்சுப்பிழை அன்று.

1978 இல் வெளியான ஆங்கிலோ-அமெரிக்க நூற்பட்டி விதிகளின் இரண்டாம் பதிப்பு, தமிழ், தெலுங்கு, கன்னட, மலையாளப் பெயர்களில் குடும்பப் பெயர் இல்லாதபோது இயற்பெயரையே தலைச்சொல்லாகக் கொள்ளுமாறு கூறுகிறது. நூலகர்கள் அறிந்த இவ்விதி மேற்கோள் மென்பொருள்களை எழுதிய நிரலாளர்களை எட்டவில்லை.

நடைமுறையில் பின்வரும் வழிகள் கையாளப்படுகின்றன. முன்னெழுத்து கொண்ட பெயர்களில் இயற்பெயரை இறுதிப்பெயர்ப் புலத்திலும், முன்னெழுத்துகளை முன்பெயர்ப் புலத்திலும் கையால் பிரித்து இட வேண்டும். மறைமலை அடிகள், இளங்கோவடிகள் போன்று பிரிக்கக் கூடாத பெயர்களுக்கு சொடேரோவில் ஒற்றைப் புல முறைக்கு மாறலாம். பிப்டெக்கில் முழுப்பெயரையும் கூடுதலாக ஓர் இரட்டை நெளிவு அடைப்புக்குள் இட வேண்டும். எண்ட்நோட்டில் பெயரின் இறுதியில் ஒரு காற்புள்ளி இட்டால் அது பெயரைப் பிரிக்காது. வேர்டில் நிறுவன ஆசிரியர் என்னும் கட்டத்தைத் தேர்ந்து அதில் எழுதலாம். இளங்கோவடிகளை நிறுவனமாகப் பதிவது வேடிக்கையாகத் தோன்றினும் பட்டியல் சரியாக வரும்.

முன்னெழுத்தைச் சுருக்குவதிலும் கவனம் தேவை. ஒருங்குறியில் வே என்பது வ என்னும் மெய்யும் ஏகாரக் குறியும் ஆகிய இரு குறியீடுகளால் ஆனது. முதற்குறியீட்டை மட்டும் வெட்டும் நிரல் வேங்கடசுப்பையர் என்பதை வ. என்று சுருக்கிவிடும். பழைய பிப்டெக் ஒவ்வோர் எழுத்தையும் ஓர் எண்ணுண்மியாகக் கருதுவதால், அதில் வ என்ற எழுத்துகூட உடைந்து பொருளற்ற குறியாகிறது. முன்பெயரை விரித்து எழுதாமல் உ. வே. எனச் சுருக்கமாகவே உள்ளிடுவது இதற்கு எளிய தீர்வு.

அகரவரிசை

ஒருங்குறியில் தமிழ் எழுத்துகள் தேவநாகரியை ஒட்டிய அடைவில் வைக்கப்பட்டுள்ளன. எனவே குறியீட்டெண் வரிசை தமிழ் நெடுங்கணக்கு வரிசை அன்று. நகரத்தை அடுத்து னகரமும், ரகரத்தை அடுத்து றகரமும், வகரத்திற்கு முன்னரே ளகர ழகரங்களும் வருகின்றன. புள்ளியின் குறியீட்டெண் எல்லா உயிர்மெய்க் குறிகளுக்கும் பின்னால் உள்ளது. ஆனால் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகன் உள்ளிட்ட அகராதிகளில் புள்ளி பெற்ற மெய் அகரமேறிய மெய்க்கு முன் நிற்கும்.

எடுத்துக்காட்டாக, கண்ணன், கணபதி, கமலா, கற்பகம், கனகசபை என்பது தமிழ் முறைப்படியான வரிசை. குறியீட்டெண் கொண்டு அடுக்கும் மென்பொருள் கணபதி, கண்ணன், கனகசபை, கமலா, கற்பகம் என்று தரும். ஐந்து பெயர்களுமே இடம் மாறிவிட்டன.

ஒருங்குறி ஒன்றியத்தின் பொது வட்டாரத் தரவுக் களஞ்சியத்தில் தமிழுக்கான வரிசை விதி உள்ளது. லிப்ரெஓபிசில் வரிசைப்படுத்தும்போது மொழியைத் தமிழாகத் தேர்ந்தால் அவ்விதி செயற்படும். லாடெக் பயன்படுத்துவோர் பிப்டெக்கிற்கு மாற்றாக பைபர் நிரலைக் கொண்டு தமிழ் வரிசையைப் பெறலாம். தமிழ் நூல்களும் ஆங்கில நூல்களும் கலந்த பட்டியலை இரண்டாகப் பிரித்துத் தமிழ் நூல்கள், ஆங்கில நூல்கள் எனத் தனித்தனியே தருவதே தமிழ்நாட்டு ஆய்வேடுகளின் மரபு. இப்பிரிவினையை மென்பொருள்கள் தாமாகச் செய்வதில்லை. இறுதிப் படியில் கையால் பிரிக்க நேர்கிறது.

எழுத்துருக் குறியேற்றமும் ஒத்த எழுத்துகளும்

பாமினி, வானவில் போன்ற ஒருங்குறியல்லாத எழுத்துருக்களில் தட்டச்சிட்ட ஆய்வேட்டில் மேற்கோள் மேலாளரைப் பயன்படுத்துவது இயலாத ஒன்று எனலாம். அவ்வெழுத்துருக்களில் தமிழ் எழுத்தின் வடிவம் மட்டுமே திரையில் தெரிகிறது; கோப்பில் சேமிக்கப்படுவது உரோமன் எழுத்துகளே. தரவுத்தளத்தில் அவை பொருளற்ற ஆங்கிலச் சரங்களாக நிற்கும், அவற்றின் வரிசையும் ஆங்கில முறையில் அமையும்.

ஆய்வேடு நூலாகும்போது இச்சிக்கல் எதிர்த்திசையில் வருகிறது. பக்க வடிவமைப்புக்குப் பழைய எழுத்துருவையே பயன்படுத்தும் அச்சகத்தில் ஒருங்குறிக் கோப்பு குறிமாற்றம் செய்யப்படுகிறது. பின்னர் அதே கோப்பை மீண்டும் ஒருங்குறிக்கு மாற்றும்போது, ஆங்கில நூற்பெயர்களும் இணைய முகவரிகளும் தமிழ் எழுத்துக் குவியலாக மாறிவிடுகின்றன. துணைநூற்பட்டியலே இதில் மிகுதியும் சேதமடையும் பகுதி. அச்சகத்திற்கு அனுப்பும் முன் வேர்டில் கண்ட்ரோல், ஷிப்ட், எஃப்9 விசைகளை ஒருசேர அழுத்திப் புலக்குறிகளை வெற்றெழுத்தாக மாற்ற வேண்டும். புலக்குறிகளோடு கூடிய மூலப்படியைத் தனியே காத்து வைப்பது கட்டாயம். மாற்றிய கோப்பிலிருந்து அவற்றை மீட்க முடியாது.

ஒருங்குறியிலேயே தட்டச்சிட்டாலும் ஒத்த தோற்றமுடைய எழுத்துகளால் ஒரே நூல் இருமுறை பதிவாவதுண்டு. ஒளவையார் என்று ஒகரத்தையும் ளகரத்தையும் சேர்த்து எழுதுவதும், ஔவையார் என்று ஔகாரத்தால் எழுதுவதும் கண்ணுக்கு ஒன்றுபோல் தோன்றினும் கணினிக்கு வெவ்வேறு சொற்கள். முன்னதைத் தேடினால் பின்னது கிடைக்காது. ஒகர உயிர்மெய்யின் குறியை ஒரே குறியீடாகவோ, எகரக் குறி, கால் என இரண்டாகவோ உள்ளிட முடியும். இவற்றை ஒருங்குறி சமமெனக் கொள்வதால் இயல்பாக்கம் செய்யும் மென்பொருளில் சிக்கல் இல்லை. ஒளவையாருக்கு அவ்வசதி கிடையாது.

தமிழ் மரபுக்குரிய மேற்கோள்கள்

சங்க நூல்களைப் பக்க எண்ணால் சுட்டுவதில்லை. புறம். 192, குறுந். 40 எனப் பாடல் எண்ணாலும், தொல்காப்பியத்தை அதிகாரம், இயல், நூற்பா எண் ஆகியவற்றாலும் சுட்டுவது மரபு. எப்பதிப்பை எடுத்தாலும் பாடலைக் கண்டறிய முடிவதே இதன் பயன். ஆசிரியர், ஆண்டு முறையில் இதைப் பொருத்த முயன்றால் தொல்காப்பியர், 1953 என்பது போன்ற விந்தையான ஆண்டுகள் தோன்றும். மேற்கோள் பாணி மொழியில் பக்கத்திற்கு மாற்றாகச் செய்யுள் எண்ணை இடும் வசதி உள்ளது.

உரை இதைவிடச் சிக்கலானது. தொல்காப்பியச் சொல்லதிகாரம் சேனாவரையர் உரை என்றால், நூலாசிரியர், உரையாசிரியர், பதிப்பாசிரியர் என மூவர் உள்ளனர். மேற்கோள் காட்டப்படும் கருத்து பெரும்பாலும் நடுவில் உள்ளவருடையது. பெரும்பாலான மென்பொருள்களில் அவருக்குத் தனிப் புலம் இல்லை. அவரை மொழிபெயர்ப்பாளர் புலத்தில் இட்டு, பாணிக் கோப்பில் அப்புலத்தின் பெயரை உரை என்று மாற்றுவது ஒரு தற்காலிக வழி. அதே தரவுத்தளத்தில் மொழிபெயர்ப்பு நூல்களும் இருந்தால் இவ்வழி உதவாது.

பழைய பதிப்புகளின் ஆண்டும் கவனத்துக்குரியது. சாமிநாதையரின் சீவக சிந்தாமணி முதற்பதிப்பு வெளியான 1887, அறுபதாண்டுச் சுழற்சியில் சர்வசித்து ஆண்டாகும். சுழற்சியாண்டு மட்டும் தரப்பட்ட நூலுக்கு அதே பெயர் 60 ஆண்டுகளுக்கு ஒருமுறை திரும்புவதால், வேறு சான்றுகொண்டு ஆண்டை உறுதி செய்ய வேண்டும். திருவள்ளுவர் ஆண்டு பொது ஆண்டைவிட 31 மிகுதி. 2031 எனத் தலைப்புப் பக்கத்தில் அச்சிட்ட நூல் 2000 இல் வெளியானது. இதை அப்படியே ஆண்டுப் புலத்தில் இட்டால் இன்னும் வெளிவராத நூலை மேற்கோள் காட்டியதாகிவிடும். பொது ஆண்டைப் புலத்திலும் அச்சிட்ட ஆண்டைக் குறிப்பிலும் தருவது தக்கது.

சுருக்கக் குறியீடுகளில் தமிழுக்கு நன்கு நிலைபெற்ற வழக்கு உண்டு. ஒரு பக்கத்திற்கு ப., பல பக்கங்களுக்கு பக்., பதிப்பாசிரியருக்கு ப.ஆ., மறுபதிப்புக்கு ம.ப., முன் சுட்டிய நூலுக்கு மு.நூ., உடனடியாக மேலே சுட்டியதற்கு மேலது. பாணிக் கோப்பினுள் மொழிப் பகுதியைச் சேர்த்து இச்சொற்களை எழுதிவிட்டால் மென்பொருள் அவற்றையே பயன்படுத்தும். ஓரளவு குறிமொழி அறிந்த ஒருவர் ஒருமுறை செய்துவைத்தால் ஒரு துறை முழுவதும் அதைப் பயன்படுத்தலாம்.

சென்னையில் தரவு திரட்டல்

தென்சென்னையில் கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய திருவான்மியூர், பாலவாக்கம் பகுதிகளுக்கு அண்மையில் தமிழாய்வு நூலகங்கள் பல அமைந்துள்ளன. தரமணியில் உலகத் தமிழாராய்ச்சி நிறுவனமும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமும், பெசன்ட் நகரில் உ. வே. சாமிநாதையர் நூல்நிலையமும், அடையாற்றில் 1886 இல் தொடங்கிய அடையாறு நூலகமும் உள்ளன. இங்குக் கிடைக்கும் 19 ஆம் நூற்றாண்டு நூல்களுக்குச் சீர்தர நூலெண் கிடையாது. மேற்கோள் மேலாளரில் எண்ணை இட்டு விவரத்தைத் தானாகப் பெறும் வசதி இவற்றுக்குப் பயன்படாது. தலைப்புப் பக்கத்தைப் பார்த்துக் கையால் உள்ளிடுவதே வழி.

சீர்தர நூலெண் உள்ள அண்மைக்கால நூல்களிலும் ஓர் இடர் உண்டு. அமெரிக்கக் காங்கிரசு நூலகப் பட்டியலிலிருந்து வரும் பதிவுகளில் தமிழ்ப் பெயரும் தலைப்பும் மேற்குறிகளுடன் கூடிய உரோமன் எழுத்துப்பெயர்ப்பில் இருக்கும். அவற்றைத் தமிழாக்காமல் விட்டால் ஒரே ஆசிரியர் தமிழ்ப் பட்டியலில் ஒருமுறையும் ஆங்கிலப் பட்டியலில் ஒருமுறையும் இடம்பெறுவார்.

சுவடிகளுக்குச் சுவடி எண்ணும், கல்வெட்டுகளுக்குத் தென்னிந்தியக் கல்வெட்டுகள் தொகுதியின் எண்ணும் கல்வெட்டு எண்ணும் தரப்பட வேண்டும். இவற்றுக்குச் சொடேரோவில் கையெழுத்துப்படி என்னும் வகையைத் தெரிந்து, எண்ணை ஆவணக்காப்பக இருப்பிடப் புலத்தில் இடலாம்.

கருத்துத் திருட்டு விதிகள்

பல்கலைக்கழக மானியக் குழு 2018 இல் வெளியிட்ட ஒழுங்குவிதிகள், ஆய்வேட்டில் பிற நூல்களுடன் உள்ள ஒப்புமையை நான்கு நிலைகளாகப் பிரிக்கின்றன. 10 விழுக்காடு வரை தண்டனை இல்லை. 10 முதல் 40 விழுக்காடு வரையெனில் 6 மாதத்துக்கு மேற்படாத காலத்துக்குள் திருத்திய படியை அளிக்க வேண்டும். 40 முதல் 60 வரையெனில் ஓராண்டுக்குத் திருத்திய படியை அளிக்க முடியாது. 60 ஐத் தாண்டினால் பதிவே நீக்கப்படும். உரிய ஒப்புகையுடன் காட்டிய மேற்கோள்களும் துணைநூற்பட்டியலும் இக்கணக்கில் சேரா.

எனவே ஒரு பகுதி மேற்கோளாகக் கொள்ளப்படுமா, திருட்டாகக் கொள்ளப்படுமா என்பது ஒப்புகை சரியாக இருப்பதைப் பொறுத்தது. பழந்தமிழ்ப் பாடல்களையும் உரைப்பகுதிகளையும் நிறைய எடுத்தாளும் தமிழ்த்துறை ஆய்வேடுகளில் மேற்கோள் அளவு இயல்பாகவே மிகுதி. ஒரு புலக்குறி அழிந்து ஒப்புகை மறைந்துபோனால் அப்பத்தி ஒப்புமைக் கணக்கில் சேர்ந்துவிடும். பல்கலைக்கழக மானியக் குழு விதிகளின்படி ஆய்வேடுகளின் மின்படிகள் சோத்கங்கா களஞ்சியத்தில் சேர்க்கப்படுவதால், பட்டம் பெற்ற பின்னரும் அவற்றை எவரும் எடுத்து ஒப்பிட்டுப் பார்க்க இயலும். மின்படியை அளிக்கும் முன் அடிக்குறிப்புகளையும் துணைநூற்பட்டியலையும் அச்செடுத்து ஒன்றோடொன்று சரிபார்ப்பது வழக்கம். உரையில் சுட்டப்பட்டுப் பட்டியலில் இல்லாத நூல்களும், பட்டியலில் இருந்தும் உரையில் எங்கும் சுட்டப்படாத நூல்களும் இச்சரிபார்ப்பில் வெளிப்படுகின்றன.